ஆப்பிரிக்க நடனப் பட்டறைக்கு ஆள் கூப்பிடும் முன்

கேள்வி: பர்மிங்ஹாமில் ஒரு சமூக மையம் நடத்துகிறோம். அக்டோபர் கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி ஆப்பிரிக்க, கரீபிய நடன நாடகப் பட்டறை வைக்க ஆசை. பத்து வயதுப் பிள்ளைகள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரை முப்பது பேர் வருவார்கள். பெரும்பாலோருக்கு ஆடிப் பழக்கமில்லை. எதைச் சொல்லித்தரச் சொல்வது, ஆசிரியரிடம் என்ன கேட்பது?

பதில்: முதலில், அக்டோபரை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். பிரிட்டனில் 1987இலிருந்து அந்த மாதம்தான் என்பதால் நல்ல ஆசிரியர்களைப் பள்ளிக்கூடங்கள் முன்கூட்டியே பிடித்துவைத்துவிடும். அதே ஆள் பிப்ரவரியில் என்றால் நான்கைந்து வாரம் தொடர்ந்து வரச் சம்மதிப்பார். ஒரே நாள் கூத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், ‘ஆப்பிரிக்க நடனம்’ வேண்டும் என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு நடனம் கிடையாது. ஓர் இனத்தாரின் ஒரே ஓர் ஆட்டத்தைக் கேளுங்கள். உங்கள் கூட்டத்துக்கு நான் கானாவின் க்பான்லோகோவைச் சொல்வேன். 1960களின் தொடக்கத்தில் அக்ராவின் கா இன இளைஞர்கள் பழைய ஆட்டங்களோடு ஹைலைஃப் என்கிற கானா நாட்டு இசையையும் ராக் அண்ட் ரோலையும் கலந்து உண்டாக்கியது. இடுப்பை ஆட்டுவது ஆபாசம் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், தடை செய்யவும் பார்த்தார்கள். இந்தக் கதையைச் சொன்னாலே பதின்ம வயதுப் பிள்ளைகள் எழுந்து வந்துவிடுவார்கள். அடிப்படை அடவுகளும் புதியவர்களுக்கு எட்டக்கூடியவை: முழங்கால் மடங்கியிருக்கும், உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கும், இரும்பு மணியின் தாளத்துக்குக் கால் போகும்.

ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது, மேளக்காரர் கூட வருவாரா என்பதுதான். இந்த ஆட்டங்களில் எட்டு வரை எண்ணி அடவை மாற்றும் வழக்கமில்லை. தலைமை மேளக்காரர் ஆடுபவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மாற்ற வேண்டிய நேரத்தில் தாளத்தை முறித்துச் சின்னதாக ஒரு சொற்கட்டு வாசிப்பார். அது முடியும் இடத்தில் எல்லோரும் அடுத்த அடவுக்குத் தாவுவார்கள். முதல் இரண்டு தடவை பாதிப்பேர் தவறவிடுவார்கள், சிரிப்பு வரும். மூன்றாவது தடவை காது திறந்துகொள்ளும். ரெக்கார்டு போட்டு ஆடினால் இது அத்தனையும் போச்சு. காசு போதவில்லையா, ஒரு வாரத்தைக் குறையுங்கள், மேளத்தைக் குறைக்காதீர்கள். என்ன மேளம் என்றும் கேளுங்கள். ஜெம்பே மாலி, கினி பக்கத்து மாண்டே மக்களுடையது. க்பான்லோகோவுக்குக் கா மக்களின் மேளமே தனியாக உண்டு. ஜெம்பே கொண்டுவந்தால் குற்றமில்லை, ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கரீபியப் பகுதிக்கு ஆசிரியரைத் தேடும் முன் உங்கள் மையத்துக்கு வரும் ஜமைக்க முதியவர்களிடம் குவாட்ரில் தெரியுமா என்று விசாரியுங்கள். ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் ஜோடி நடனத்தை அடிமைகள் எடுத்துத் தங்கள் போக்கில் மாற்றிக்கொண்ட ஆட்டம் அது. நடந்தே ஆடலாம், எழுபது வயதுக்குத் தோதானது. தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் கூலி கொடுத்து அவரையே சொல்லித்தர வையுங்கள். லிம்போ, அதாவது பின்னால் வளைந்து கம்புக்கு அடியில் நுழையும் ஆட்டம், வேண்டும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். டிரினிடாடில் இழவு வீட்டில் ஆடியது, பிறகு ஹோட்டல் கேளிக்கையாகிவிட்டது, முதுகுக்கும் ஆகாது. குமினா போன்றவை ஆவிகளை அழைக்கும் வழிபாடு. அவற்றைப் பட்டறையில் கேட்க வேண்டாம்.

நாடகத்துக்கு எழுதிய பிரதி தேவையில்லை. அனான்சி என்கிற தந்திரச் சிலந்தியின் கதைகள் கானாவின் அகான் மக்களிடமிருந்து அடிமைக் கப்பல்களோடு கரீபியத்துக்குப் போனவை. கிழக்குக் கரீபியத் தீவுகளில் கதைசொல்லி ‘க்ரிக்?’ என்பார், கூட்டம் ‘க்ராக்!’ என்று திருப்பிக் கத்தும். கூச்சக்காரர்களையும் வாய் திறக்க வைக்க இது போதும். பெரியவர்கள் குழு கொஞ்சம் ஆழமாகப் போக விரும்பினால் ஜமைக்காவின் சிஸ்ட்ரன் நாடகக் குழுவைப் பின்பற்றலாம். 1977இல் கிங்ஸ்டனில் தெருக்கூட்டும் வேலை செய்த பெண்கள் சேர்ந்து தொடங்கியது. தங்கள் வாழ்க்கையில் நடந்ததைப் பேசி, நடித்துப் பார்த்து, அதிலிருந்தே நாடகம் கட்டினார்கள். அவசரப்பட்டால் இது நடக்காது. ஒருவரையொருவர் நம்ப நாளாகும்.

ஹால் விஷயம்: கான்கிரீட் தரை வேண்டாம், முழங்கால் போய்விடும். மரத்தரை, வெறுங்கால். மூடிய அறையில் ஜெம்பேயின் சத்தம் காதைப் பிளக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிவையுங்கள், பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் வடிவம் தரத் தெரியுமா என்று கேளுங்கள். உடை என்று எதையும் வாடகைக்கு எடுக்க வேண்டாம், புல் பாவாடை பேச்சே கூடாது. இடுப்பில் கட்ட ஒரு துணி போதும். பிள்ளைகள் வருவதால் டிபிஎஸ் சான்றிதழும் (குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று) பொறுப்புக் காப்பீடும் பார்க்காமல் தேதி கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு நேஷனல் லாட்டரியின் ‘அவார்ட்ஸ் ஃபார் ஆல்’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், 20,000 பவுண்டு வரை கிடைக்கும். பல மாதம் முன்னாலேயே போடுங்கள். மேளக்காரர் கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். ஆசிரியர் கூலியோடு சேர்த்து எழுதினால் பட்ஜெட்டைக் குறைக்கும் நாளில் அதுதான் முதலில் காணாமல் போகும்.