டீசலைத் தின்பது பிரேக் மிதி: லாரி மைலேஜ் பற்றிய கேள்வி பதில்

நாமக்கல்லில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் முன்னாள் லாரி ஓட்டுநர் பதில் சொல்கிறார்.

தருமபுரி ஓட்டுநர்: அண்ணா, தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு சொட்டும் மிச்சமாகாது, தம்பி. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். அப்போது இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் ஓட டீசல் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரல்தான் கூடுதல் செலவு.

அதைவிடப் பெரிய விஷயம் உயிர். நியூட்ரலில் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது; புகைக்குழாயை அடைத்து இன்ஜினை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்காலும் பயனில்லை. முழுப் பாரத்தையும் பிரேக் டிரம் தாங்க வேண்டும். சூடேறினால் லைனிங் பிடிக்காது. விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கை இயக்கும் காற்று டேங்கில் அழுத்தமும் இறங்கும். தொப்பூரில் நடந்த விபத்துகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வழியில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமலே போகலாம்.

சங்ககிரி ஓட்டுநர்: எண்பதில் போனால்தான் நேரத்துக்குச் சேர முடிகிறது. அறுபத்தைந்தில் போகச் சொல்கிறீர்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோமீட்டரை எண்பதில் ஓட்டினால் மூன்றே முக்கால் மணி நேரம். அறுபத்தைந்தில் சுமார் 52 நிமிடம் கூடும். வழியில் ஒரு டீக்கடையும் ஒரு நெரிசலும் போதும், அந்த லாபத்தில் பாதி போய்விடும். ஆனால் எண்பதில் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு. தார்ப்பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

வேகத்தைவிட அதை எப்படி இழக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் சுங்கச்சாவடி தெரிகிறது. ஒருவர் அரை கிலோமீட்டர் முன்பே காலை எடுத்து, வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு, வரிசை நகரும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறார். இன்னொருவர் கடைசிவரை மிதித்துவந்து சட்டென்று நிறுத்துகிறார். 35 டன்னை அடி கியரிலிருந்து மறுபடியும் கிளப்ப வேண்டும். அந்த வேகம் வர எரித்த டீசல் அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாகப் போய்விட்டது. மைலேஜ் வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஓசூர் புது ஓட்டுநர்: எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) கியர் மாற்ற வேண்டும்?

மீட்டரிலேயே பச்சைப் பட்டை போட்டிருக்கிறார்கள். முள் அதற்குள் இருக்கட்டும். டாப் கியரில் திணறவிடுவதும் சிக்கனமில்லை.

திருச்செங்கோடு, இரண்டு லாரிகளின் கணக்குப் பார்க்கும் பெண்மணி: ஐயா, ஒரே வழி, ஒரே மாடல். ஒன்று லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கிறது, மற்றொன்று மூன்றரைதான். ஓட்டுநரைச் சந்தேகிக்கலாமா?

அவசரப்படாதீர்கள், அம்மா. முதலில் அளக்கும் முறை சரியா? டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். ஒரே பங்க், ஒரே சமதளம். ஒரு நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாரமும் எதிர்க்காற்றும் ஒவ்வொரு நடைக்கும் மாறும்.

பிறகு வண்டியைப் பாருங்கள். டயரில் காற்று 10 பிஎஸ்ஐ குறைந்தால் ஏறத்தாழ ஒரு சதவீத டீசல் போகும். இரட்டைச் சக்கரத்தில் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. வெளி டயர் தாங்கிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது. காலையில் டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டையால் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஏர் ஃபில்டர் அடைப்பு, பிரேக் உரசல், வீல் அலைன்மென்ட் எல்லாம் சரியாக இருந்தும் அரை கிலோமீட்டர் குறைந்தால், இரண்டு ஓட்டுநர்களையும் வண்டி மாற்றி அனுப்புங்கள். குறை வண்டியோடு வருகிறதா, ஆளோடு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கரூர் ஓட்டுநர்: லோடு இறக்கக் காத்திருக்கும்போது ஏசிக்காக இன்ஜினை ஓடவிடலாமா?

பெரிய இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசியோடு இன்னும் கூடும். புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டியில் புகைக் கரி வடிகட்டியும் அடைபடும். அதற்காகச் சித்திரை வெயிலில் வெந்துகொண்டு கிடக்கச் சொல்ல மாட்டேன். குடோன்காரர்கள் நிழலும் கழிப்பறையும் கொடுக்கட்டும், பிறகு இன்ஜினை அணைப்பதைப் பேசுவோம்.

நாமக்கல் உரிமையாளர்: எவ்வளவு சொன்னாலும் ஓட்டுநர்கள் கேட்பதில்லையே?

மிச்சமாகும் டீசலில் அவர்களுக்கு என்ன பங்கு தருகிறீர்கள்? பேட்டாவை நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, மணிக்கொரு முறை "எங்கே இருக்கிறாய்?" என்று போன் செய்தால் அவர் மிதிக்கத்தான் செய்வார். மிச்சத்தில் பாதியை மாதக் கடைசியில் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அதே உரிமையாளர்: காலி வண்டிக்கு ஏதாவது உண்டா?

லிஃப்ட் ஆக்சில் (பாரம் இல்லாதபோது தரையில் படாமல் தூக்கிவைக்கும் சக்கர அச்சு) இருந்தால் தூக்கிவிடச் சொல்லுங்கள். டயரும் தேயாது.