கேள்வி – பதில்: டிரங்குப் பெட்டியில் எது முதலில்?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், பேரேடுகள் கிடக்கின்றன. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற ஆசை. எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: புத்தகங்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். தமிழிணைய மின்னூலகத்தில் தலைப்பைத் தேடுங்கள். அதே பதிப்பு அங்கே இருந்தால் உங்கள் உழைப்பு வீண். நோட்டீஸும் பேரேடும் அப்படியல்ல, வேறு எங்கும் பிரதி கிடைப்பது அரிது. உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா நூல்களோடு இந்த மாதிரித் துண்டுக் காகிதங்களையும் விடாமல் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் நூலகமே இருக்கிறது.

பேரேட்டில் 'நல்ல' பக்கங்களை மட்டும் பொறுக்காதீர்கள். அரிசி விலை, கூலி, வட்டி எல்லாம் சலிப்பூட்டும் பக்கங்களில்தான் ஒளிந்திருக்கும். முழுசாக எடுங்கள், அட்டை உட்பட. நோட்டீஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். யாராவது பென்சிலில் கணக்குப் போட்டிருப்பார்கள். எது எந்தக் கட்டில் இருந்தது என்று குறித்த பிறகே கட்டைப் பிரியுங்கள். பூச்சி அரித்தவை வரிசையில் முன்னால் வரட்டும்.

அப்புறம், காப்புரிமை. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை அது உண்டு. 1960-இல் மறைந்தவரின் நூல் என்றால் 2021 முதல் தாராளமாக ஏற்றலாம். கடன் வாங்கியவர்களின் பெயர் உள்ள பக்கங்களுக்கு மட்டும், ஊரில் இருக்கும் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.