கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா? மாடித்தோட்டக் கேள்வி பதில்

காய்கறி, கீரை, பூச்செடி, கறிவேப்பிலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். தென்னை, மா, புல்தரை எனக்கு வராது. கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பாருங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

மடிப்பாக்கம்: அக்கா, புதிதாகத் தொடங்குகிறோம். மொட்டைமாடியில் செங்கல் வைத்துக் கட்டி ஒரு அடிக்கு மண் கொட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செடி வைக்கலாம்?

மண்ணைக் கொட்ட வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்றுதான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண் நிரப்பினால் அது 500 கிலோவைத் தாண்டும். செடி வளர்க்கும் பைகளை வாங்கிச் சுவரோரமாகவும் தூண் இருக்கும் பக்கமாகவும் வையுங்கள். செம்மண், கழுவிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவைக் கழுவ மறக்காதீர்கள், அதில் உப்பு இருக்கும். முதலில் சிறுகீரை, அரைக்கீரை. ஒரு மாதத்துக்குள் கையில் கிடைக்கும், உற்சாகம் வரும். பிறகு வெண்டை, கத்தரி. சித்திரை வெயிலில் தக்காளி நட்டுவிட்டுப் பூ கொட்டுகிறது என்று வராதீர்கள். அந்தச் சூட்டில் மகரந்தம் வீணாகிவிடும், உரம் போட்டாலும் பிஞ்சு பிடிக்காது.

வேளச்சேரி: மேடம், கறிவேப்பிலை தொட்டியில் மஞ்சளாகவே இருக்கிறது. என்ன உரம் போடுவது?

எந்த இலை மஞ்சள் என்று சொல்லாமல் உரம் கேட்டால் எப்படி? அடியில் இருக்கும் பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போடுங்கள். செடி முழுவதும் வெளிறித் துவண்டால் வேரில் தண்ணீர் தேங்குகிறது, அதற்கு உரம் போட்டால் இன்னும் கெடும். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சென்னையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள். அவசரமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பு), நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் அந்த இலையைப் பறிக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் துளிர் வராமல் நின்றால் அது நோய் இல்லை, சும்மா விடுங்கள்.

திருச்சி: எங்கள் அம்மா வாரம் ஒரு தடவை புளித்த மோர்தான் ஊற்றுவார். செடி தளதளவென்று இருக்கும். இதற்குப் போய் அன்னபேதி எதற்கு அக்கா?

மோரில் அமிலம் இருக்கிறது. ஊற்றிய இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு இரும்பு இளகும். மறுநாள் போர் தண்ணீர் ஊற்றினால் பழைய கதைதான். அம்மாவின் செடி தரையிலா, தொட்டியிலா? இலையை எப்படிப் பறிப்பார்?

திருச்சி: தரையில். தினமும் குழம்புக்குக் கிளையோடு ஒடிப்பார்.

மதுரை: வெறும் மோர் போதாது. பெருங்காயம் கரைத்து ஊற்ற வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

திருச்சி: பெருங்காயம் பூச்சிக்கு. இலைக்கு மோர்தான்.

கோவை: அப்போது விவசாயிகள் தேமோர்க் கரைசல் அடிப்பதெல்லாம் பொய்யா மேடம்?

பொய் என்று யார் சொன்னது? தேமோர் வேறு விஷயம். தேங்காய்ப் பாலையும் மோரையும் சில நாள் புளிக்கவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பூப்பிடிக்க இலைமேல் தெளிப்பது. நாம் பேசுவது வேரில் ஒரு டம்ளர் மோர் கவிழ்ப்பதைப் பற்றி.

திருச்சிக்காரரின் பதிலில்தான் விடை இருக்கிறது. அவர் அம்மா நுனியோடு ஒடிக்கிறார். ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் கிளம்பும். ஒவ்வொன்றையும் மறுபடி ஒடித்தால் செடி புதராகும். தொட்டி வைத்திருப்பவர்கள் பாவம் பார்த்து இலை இலையாகக் கிள்ளுகிறார்கள். காம்பு மட்டும் நிற்கிறது, செடி குச்சியாக உயர்கிறது. அப்புறம் மோர் ஊற்றிப் பலனில்லை என்கிறார்கள். மோர் ஊற்றும் வீடுகளில் செடி நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் தரையில் நிற்கும், தினம் ஒடிபடும் செடிகள். சந்தேகம் இருந்தால் ஒரே அளவில் இரண்டு தொட்டி வைத்து, ஒன்றுக்கு மோர் ஊற்றாமல், இரண்டிலும் ஒரேபோல் ஒடித்துப் பாருங்கள்.

மதுரை: பெருங்காயம்?

சாம்பாருக்கு.

போரூர்: ரோஜா இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. எறும்பும் ஏறுகிறது.

மாவுப்பூச்சி. அது கசியவிடும் இனிப்புக்காக எறும்பு காவல் காக்கிறது. முதலில் எறும்பின் வழியை அடையுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, மோசமான நுனிகளை வெட்டிக் குப்பையில் கட்டிப் போடுங்கள். மீதிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், மாலையில். கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். 2008-இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வாட்டியது. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு பொடிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்து அந்தக் குளவியையும் கொல்லும். இன்னொன்று: மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் பார்க்க வெள்ளையாக, அதைவிடப் பெரியதாக இருக்கும். பரபரவென்று நடப்பதை நசுக்காதீர்கள்.

பல்லாவரம்: துளசி மஞ்சளாகிறது மேடம். தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன்.

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது.

சேலம்: குண்டுமல்லி இலை விடுகிறது, பூ இல்லை.

கார்த்திகையில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்யுங்கள். வெட்ட மனம் வராதவர்கள் வீட்டில் மல்லி பூக்காது. நல்ல வெயிலும் வேண்டும்.

தஞ்சாவூர்: புடலை பூக்கிறது, காய் இல்லை. தென்னையில் வண்டும் இருக்கிறது.

புடலையில் முதலில் ஆண்பூதான் வரும், பொறுங்கள். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் தெரியும். பூ பொழுது சாய்ந்து விரிவதால் காலையில் போய்ப் பயனில்லை. இருட்டும் நேரத்தில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவுங்கள். தென்னைக்குக் கிசான் கால் சென்டர், 1800 180 1551.

அம்பத்தூர்: கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு. மோர் தெளிக்கலாமா?

மறுபடியும் மோரா! அது வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தால் பச்சையாகும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், இரண்டிலும் வரும். பெரிய செடியானால் விட்டுவிடுங்கள். சின்னக் கன்றானால் கையால் எடுத்து வேறு எலுமிச்சையில் விடுங்கள்.

குரோம்பேட்டை: மணிபிளாண்ட் இலை மஞ்சள்...

அடித்துளையைப் பாருங்கள்.

திருச்சி: அம்மாவிடம் கேட்டேன். தினமும் ஒடிப்பது போக, வருஷத்துக்கு ஒரு தடவை பாதிக் கிளையையும் வெட்டிவிடுவாராம். ஆனால் மோரை நிறுத்த மாட்டாராம்.

ஊற்றட்டும், உப்புப் போடாத மோராக இருந்தால் போதும். செடியைச் சுற்றி வேர்க்கன்று முளைத்திருக்கும். மழை விட்டதும் வேரோடு எடுத்து எனக்கும் ஒன்று வையுங்கள்.