டயாலிசிஸ் நோயாளிக்குப் பக்கவாதம்: இனத்தைச் சோதிப்பதா, இடைவெளியைக் குறைப்பதா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. விழுப்புரத்தில் திங்களும் வியாழனும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஆசியர்களுக்கு டயாலிசிஸ் காலத்தில் மூளை இரத்தக்கசிவு அதிகம் என்று சிங்கப்பூரில் உள்ள தம்பி சொல்கிறான். ‘மரபணுப் பரிசோதனை செய்தால் ஆபத்து முன்பே தெரிந்துவிடும்’ என்று ஒரு பரிசோதனைக் கூடத்தின் முகவர் 18,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பக்கவாதம் வருகிறது. இது எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்காவில் பெரும்பாலும் இரத்தக்குழாய் அடைத்து வருகிறது. ஜப்பானிலோ குழாய் வெடித்துக் கசியும் வகையின் பங்கு கூடுதல். ஆனால் டயாலிசிஸ் தேவைப்படாத ஜப்பானியரிடமும் அந்தப் பங்கு கூடுதல்தான். உப்பும் கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமும் அதற்கு முக்கியக் காரணங்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்குப் பொதுவாகவே வெள்ளையரைவிடப் பக்கவாதம் அதிகம் என்றாலும், டயாலிசிஸ் நோயாளிகளிடம் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. இனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இப்படிச் சுருங்காது. ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் டோக்கியோவையும் விழுப்புரத்தையும் போட்டு, அதற்கு ஒரு விலையும் ஒட்டுவது வியாபாரம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘திங்களும் வியாழனும்’ என்ற சொற்கள்தான். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமே, இரண்டு நாள் ஓய்வுக்கு அடுத்த நாளில் பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேர்வது கூடுகிறது என்று 2011-ல் அமெரிக்காவில் சுமார் 32,000 நோயாளிகளின் பதிவுகள் காட்டின. உங்கள் தந்தைக்கோ ஒரு பக்கம் இரண்டு நாள், மறுபக்கம் மூன்று நாள் ஓய்வு. அத்தனை நாளும் தண்ணீரும் உப்பும் உடம்பில் தேங்கி, ஞாயிறு இரவில் அழுத்தம் உச்சிக்கு ஏறும். திங்களன்று நான்கு மணி நேரத்தில் மொத்த நீரையும் இழுத்தால் அழுத்தம் சரிந்து மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். இரண்டுமே ஆபத்து. மூன்றாவது முறை வேண்டுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. இருந்தும் இயந்திரம் காலியில்லை, கோப்பு வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நோயாளியை அலையவிடுகிறார்கள். அந்த அலைச்சலுக்கு அஞ்சித்தான் பலர் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று வாசலில் நிற்கும் புரோக்கரிடம் காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். காப்பீட்டுப் பிரிவின் மேசைக்கு நீங்களே போங்கள்.

குடும்பப் பரம்பரை உண்மையில் முக்கியமாகும் ஒரு நிலை உண்டு. சிறுநீரகம் பழுதானதற்குக் காரணம் சர்க்கரையோ அழுத்தமோ அல்லாமல், இரு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் நிறைந்து பெருகும் பரம்பரை நோயாக இருந்தால், மூளை இரத்தக்குழாயில் பலூன்போல வீக்கம் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உண்டு. குடும்பத்தில் யாருக்காவது அது வெடித்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கையை எடுத்து, நீர்க்கட்டிகள் பல என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு கட்டிகள் வயதானவர்களுக்குச் சாதாரணமாக இருப்பவை. அதைக் கண்டு பதற வேண்டாம். பல கட்டிகள் இருந்து, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கும் இருந்தால், மூளை இரத்தக்குழாய்களை எம்ஆர் ஸ்கேனில் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்போதும் தேவைப்படுவது ஸ்கேன்தான். முகவர் விற்கும் பொட்டலம் அல்ல.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ‘டயாலிசிஸ் களைப்பு’ என்று படுக்க வைக்காதீர்கள். புறா இரத்தம் தடவ ஆள் தேடி நேரத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேனும் இரவுப் பணி மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்; தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தமக்குக் கமிஷன் தரும் இடத்தைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டயாலிசிஸில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றியிருந்தால் அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதே மாறக்கூடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்த நேரத்தையும் ஹெப்பாரின் கொடுத்தார்களா என்பதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கி, அதைத் தந்தையின் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.