எதிர்வீட்டுக்காரரிடம் மீண்டும் பேசத் தொடங்குவது எப்படி?

வணக்கம். செல்லூரில் வண்டி நிறுத்துவது தொடர்பாக எதிர்வீட்டுப் பெரியவரோடு வாய்த்தகராறு ஆகி, பேச்சுவார்த்தை நின்றுபோனதாகவும், இனிப்புப் பெட்டியோடு போய்ச் சமாதானம் பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இனிப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. கோபம் ஆறாதவருக்கு அது தன் வாயை அடைக்கத் தரும் கூலியாகத் தோன்றக்கூடும். அதற்குப் பதிலாக அவரிடமே ஒரு சிறு உதவி கேளுங்கள். அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், சட்டமன்றத்தில் தம்மை எதிர்த்த ஒருவரிடம் அரிய நூலொன்றை இரவல் கேட்டு, ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பிக் கொடுத்து, அவரை வாழ்நாள் நண்பராக்கிக்கொண்டார். "பிடிக்காதவனுக்கு நான் ஏன் உதவினேன்?" என்ற முரண்பாடு மனத்தை உறுத்துவதால், "அவன் அப்படியொன்றும் மோசமானவன் இல்லை" என்று மனம் தானே சமாதானம் செய்துகொள்கிறது என்பதே உளவியலாளர்கள் இதற்குத் தரும் விளக்கம். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த, மன முரண்பாடு பற்றிய கோட்பாடு இதற்கு அடிப்படை.

சித்திரைத் திருவிழாவுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்வீர்கள் அல்லவா? அவர் வாசலில் இருக்கும்போது, "அண்ணே, ஒட்டடை அடிக்கணும், உங்க ஏணியைச் சாயங்காலம் வரைக்கும் தர முடியுமா?" என்று கேளுங்கள். தேவை உண்மையானதாக இருக்கட்டும். நடிப்பு என்று தெரிந்தால் இருக்கிற மரியாதையும் போய்விடும். சொன்ன நேரத்தில் ஏணியைத் துடைத்துக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல், "பரவாயில்லைண்ணே" என்று திரும்பிவிடுங்கள். எப்படியானாலும் வண்டிப் பேச்சை அன்று எடுக்காதீர்கள்.