வயதானவர்களுக்கு ‘ஆபத்தாகலாம்’ என்று சொல்லும் மாத்திரைகள் எவை, ஏன்?

65 வயதுக்கு மேல் பலனைவிடத் தொல்லை அதிகம் தரக்கூடிய மருந்துகளை இப்படிச் சொல்வார்கள். போலி மருந்தல்ல, டாக்டர் சீட்டில் எழுதித் தருவதுதான். 1991-இல் அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் இதற்கு ஒரு பட்டியல் போட்டார். 2023-இலும் அதைப் புதுப்பித்தார்கள்.

காரணம்? காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதகில் வண்டல் அடைத்தால், வரத்து பழைய அளவே இருந்தாலும் தண்ணீர் ஏறும். வயதான சிறுநீரகமும் ஈரலும் அந்த மதகு மாதிரி. ஐம்பதில் ஒத்துக்கொண்ட மாத்திரை எழுபத்தைந்தில் உடம்பிலேயே தேங்கும்.

தூக்கத்துக்கான டயசிபாம் நாள்கணக்கில் தங்கும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம், சிறுநீரகமும் கெடலாம். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு, ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின்கூட மனக்குழப்பம், மலச்சிக்கல் தரும். (எனக்கு அதிக பயம் இதில்தான், சளி மாத்திரையை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை.) குடியாத்தத்தில் ஒரு டாக்டர், வேலூரில் இன்னொருவர் என்று பார்ப்பவர்கள் எல்லாச் சீட்டையும் ஒரே பையில் எடுத்துப்போய்க் காட்டலாம்.

பட்டியலில் இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நாள்பட்ட டயசிபாமைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம், அதை டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.