வேலில போற ஓணானையும் கணக்குல சேருங்க: உயிர்வேலி கேள்வி-பதில்

கிளுவை வேலி, அதாவது கிளுவைங்கிற முள்ளுச்செடிய வரிசையா நட்டு வளக்குற உயிர்வேலி பத்தி கேள்வி நெறைய சேர்ந்துபோச்சு, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்துக்கிட்டேன். காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்து மானாவாரி காட்டு வேலிய மனசுல வச்சுதான் சொல்றேன், ஆத்துப் பாசனத்துக்கு அப்படியே பொருந்தாது.

ஐயா, எங்க காட்டைச் சுத்தி 400 மீட்டர் பழைய வேலி. அதுல என்னென்ன இருக்குன்னு எழுதி வைக்க ஆசை, எங்க ஆரம்பிக்கிறது?

30 மீட்டர்ல ஒரு கயிறு, ஒரு நோட்டு, அது போதும். வேலிய 30 மீட்டர் துண்டா பிரிச்சுக்கோங்க, உங்களுக்கு 13 துண்டும் ஒரு வாலும் வரும், துண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க (இங்கிலாந்துல வேலி சர்வே பண்றவங்களுக்கும் இதே 30 மீட்டர்தான்). உயரம், அகலம், எத்தனை இடத்துல ஆள் நுழையுற ஓட்டை இருக்கு, உழவு எவ்வளவு ஒட்டி வருது, இதெல்லாம் முதல்ல. அப்புறம் குத்துச்செடி, மரம் எல்லாம் பேர் பேரா: கிளுவை, சங்கஞ்செடி, காரை, இலந்தை, சூரைமுள்ளு, கள்ளி, நடுவுல நிக்கிற வெள்வேல், வேம்பு. கொடிய தனியா எழுதுங்க. பேர் தெரியலைன்னா தப்பா ஒண்ணு எழுதாம இலை, பூ, காய், பட்டைன்னு நாலு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

முக்கியமா, குனிஞ்சு பாருங்க. தரைல இருந்து எவ்வளவு உயரத்துல இலை ஆரம்பிக்குதுன்னு அளந்து எழுதுங்க. மேல பச்சைப்பசேல்னு இருக்கும், கீழ ஆட்டுக்குட்டி சும்மா புகுந்து போற அளவுக்கு வெறுங்காலா நிக்கும், கௌதாரிக்கு அந்த வேலியால ஒரு பிரயோஜனமும் இல்ல, அது தரைலதான் கூடு வைக்கும். ரெண்டு பக்கமும் நடங்க. நான் மொத தடவை வண்டித்தடத்துப் பக்கம் மட்டும் நடந்து எழுதிட்டு வந்து, அடுத்த மாசம் உள்பக்கம் போய்ப் பாத்தா பாதி லிஸ்ட் அங்கதான் இருந்துச்சு. மழைக்கு அப்புறம் ஒருக்கா, கோடைல ஒருக்கான்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை போனாத்தான் கொடி எல்லாம் கணக்குல வரும்.

பறவைக்கு தனி சர்வே வேணுமா?

வேணும். விடிஞ்சு ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள மெதுவா நடந்து, மாசம் ஒருதடவை அதே வழில. ஈபேர்ட்ங்கிற பறவைப் பதிவு இணையதளத்துல போட்டு வச்சா பின்னால ஒப்பிட வசதி. பொங்கல் சமயத்துல நடக்குற பறவைக் கணக்கெடுப்புல உங்க வேலியையும் சேத்துக்கலாம், ஆனா அந்த நாலு நாளோட நிறுத்திடாதீங்க. செம்போத்து கண்ணுல படறதுக்கு முன்னால சத்தம்தான் வரும், அதையும் எழுதுங்க. கிளுவை முள்ளுல வெட்டுக்கிளி ஒண்ணு குத்தி வச்ச மாதிரி காஞ்சு கிடந்தா யாரோ பசங்க வேலைன்னு நினைக்காதீங்க, கீச்சான் குருவி அப்படித்தான் இரைய மாட்டி வச்சுட்டுப் போய் அப்புறமா வந்து தின்னும்.

எந்த மாசம் வெட்டலாம் அண்ணா?

மாசத்தை விட, எவ்வளவு வெட்டுறீங்கங்கிறதுதான் பெரிய விஷயம். ஒரே நாள்ல சுத்தியும் மொட்டை அடிச்சா பூவும் போச்சு, பழமும் போச்சு, ஒளியுற இடமும் போச்சு, அதனால மூணுல ஒரு பங்கு இந்த வருஷம், அடுத்த பங்கு அடுத்த வருஷம். மார்கழி, தை பரவாயில்ல. பங்குனிக்கு மேல கூடு கட்டுறது அதிகமாயிடும், தவிட்டுக்குருவி மாதிரி சிலது வருஷம் பூராவும் கட்டும், அதனால எப்ப அருவா எடுத்தாலும் முன்னால ஒரு நடை பாத்துட்டு கூடு இருக்க இடத்தை விட்டுட்டு வெட்டுங்க. மேல குறுகலா, அடில அகலமா வெட்டணும், அப்பத்தான் கீழ்க்கிளைக்கு வெயில் படும். நேர்மாறா வெட்டித்தான் முக்காவாசி வேலி அடில காலியாகுது.

நடுநடுல ஓட்டை, கம்பி கட்டிடலாமா?

அவசரத்துக்கு கட்டிக்கோங்க, கூடவே கிளுவைப் போத்து (வெட்டி ஊனுற கிளைக்குச்சி) நடுங்க. இலை உதிர்ந்து நிக்கிறப்ப, கட்டைவிரலை விட தடியான முத்துன கிளையா எடுத்து, கோடை மழைய ஒட்டி ஊனுனா பிடிச்சுக்கும். சும்மா கிளுவையே நடாம நடுவுல காரை, சங்கஞ்செடின்னு கலந்து விடுங்க. மொத வருஷம் ஆடு வாய் வைக்காம பாத்துக்கணும், அதுதான் கஷ்டமே.

கொடி ஏறி அமுக்குது, பிடுங்கிடலாமா?

மேல பாய் விரிச்ச மாதிரி மூடிட்டா அந்த இடத்துல மட்டும் குறைங்க. வேலிப்பருத்திய பிடுங்குனா வெந்தய வரியன் பட்டாம்பூச்சிப் புழுவுக்கு சாப்பாடு போச்சு. கோவை, பிரண்டை பாட்டுக்கு இருக்கட்டும்.

வேலி ஓரத்துல ரெண்டு சால் பயிர் வெளுத்துக் கெடக்கு. வேலியே பயிரை மேயுதே சார்?

மேயத்தான் செய்யுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன், வேரும் நிழலும் ஓரத்துல கொஞ்சம் எடுத்துக்கும். ஆனா காத்தை உடைக்கிறது வேலியோட உயரத்தைப் போல ஒரு 10 மடங்கு தூரத்துக்காவது தெரியும், அதாவது 2 மீட்டர் வேலின்னா 20 மீட்டர். காத்து கொஞ்சம் ஊடுருவுற வேலிதான் நல்லது, செவுரு மாதிரி அடைச்சு நின்னா பின்பக்கம் சுழல் அடிக்கும். ஓரத்துல ஒரு மீட்டர் உழாம, மருந்தடிக்காம புல்லுக்கு விட்டுடுங்க. எப்படியும் விளையாத இடம்தானே.

எங்க வேலி பூரா சீமைக்கருவேல்தான். ஜேசிபி விட்டு தள்ளிடலாமா?

ஒரே நாள்ல தள்ளுனா அடுத்த மழைக்கு அந்த வெறும் மண்ணுல திரும்ப அதேதான் மொளைக்கும், நெத்து தின்ன ஆட்டுப் புழுக்கைலயே விதை இருக்கு. ஒரு துண்டை வேரோட எடுங்க, அங்க போத்து ஊனுங்க, அது தலை தூக்குனப்புறம் அடுத்த துண்டு. உள்ள கூடு, பொந்து இருக்கான்னு அப்பவும் பாக்கணும்.

வேலி இருந்தா பாம்பு, எலி வருமாமே?

வரும். எலி வர்ற இடத்துக்குத்தான் சாரையும் கீரியும் வரும். வீட்டுச் செவுத்தை ஒட்டி மட்டும் வேலி வேண்டாம்.